தடைக்காலத்தில் ஐந்தாவது கம்பி

மூன்று லட்சத்து எண்பதாயிரம்.
வீட்டில் யாரிடமும் இந்தத் தொகையைச் சொன்னதில்லை.
இருதயம் அண்ணனிடம் எழுபது என்றேன்.
"எழுபதுக்குப் பழைய எஞ்சின் ஒண்ணு வருமேடா" என்றான்.
அன்றிரவு அவனுக்குத் தூக்கமில்லை.
எனக்கும்தான்.
பெட்டி திறந்தே கிடந்தது.

மண்டபத்து ஐஸ் ஃபேக்டரியில்
மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான்.
காந்தத்தைச் சுற்றித் தாமிரக் கம்பியை
ஆயிரம் சுற்றுச் சுற்றினால்
அது வேலை செய்யும் என்று தெரியும்.
முனகும் என்று தெரியாது.

நாலரைக் கிலோ.
நடுத்தரமான ஒரு சீலாவின் எடை.
தோளில் மாட்டினால்
மாதத் தவணைபோல் தொங்கும்.

உச்சிப்புளியில் படகு கட்டும் நம்புராஜன்
ஒருநாள் அதன் முதுகைத் தட்டிப் பார்த்தார்,
விரல் முட்டியால், இரண்டு இடத்தில்.
"என்ன மரம்?"
ஆல்டர் என்றேன்.
"தண்ணியில கெடந்தா தாங்குமா?"
போட மாட்டேன் என்றேன்.
அதற்குமேல் அவருக்குக் கேட்க ஒன்றுமில்லை.

கச்சான் எழும்பிவிட்டால்
பதினைந்து நாளில் கம்பி சொரசொரக்கும்.
ஒரு செட் நாலாயிரம்.
வாசித்து முடித்ததும் ஒவ்வொன்றாகத் துடைத்து,
கழுத்துக்கு எண்ணெய் தொட்டு,
சிலிக்கா பொட்டலங்களோடு உள்ளே படுக்க வைக்கிறேன்.
பிள்ளை பெற்ற வீட்டில்கூட
இத்தனை பதனம் கிடையாது என்கிறாள்
பக்கத்துப் போர்ஷன் மங்களமேரி.

நாலு கம்பியே போதும் என்றான் டிரம்ஸ் அடிக்கிற டெல்வின்.
உண்மைதான்.
பூசைப் பாட்டுக்குப் போதும்,
கல்யாண வரவேற்புக்குப் போதும்,
பரமக்குடிக் கச்சேரிக்கும் போதும்.
மூன்றேகால் மில்லி கனத்தில்
மேலே தனியாகக் கிடக்கும் இந்த ஐந்தாவதை
இரவு முழுக்க நாற்பது பாட்டில்
ஆறு தடவை மீட்டியிருந்தால் அதிகம்.
மற்ற நேரமெல்லாம் கட்டைவிரல் அதன்மேல் சாய்ந்திருக்கும்,
தூங்குகிற நாயின்மேல் கால் போட்டு
டீ குடிப்பவனைப்போல.

"நீ என்ன வாசிக்கிறேன்னே கேக்கலையேப்பா"
என்று எல்லா ஊரிலும் ஒருத்தர் சொல்லிவிடுகிறார்.

தங்கச்சிமடம் திருவிழாவில் நடுப்பாட்டில் செத்தது
உள்ளேயிருந்த ஒன்பது வோல்ட் பாட்டரி.
இத்தனை லட்சத்துக்குள் ஐம்பது ரூபாய்ச் சாமான்.
பைக்குள் வேலைக்கு வைத்திருந்த மல்டிமீட்டரைத் திறந்து
அதன் வயிற்றிலிருந்து பிடுங்கி மாட்டினேன்.
இரண்டு நிமிஷம் இருக்கும்.
ஐஸ் வண்டிக்காரர் மட்டும்
டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்துக் கேட்டாராம்:
"கரண்டு கொறைஞ்சிருச்சா?"
அந்த மனிதருக்கு ஒரு பாட்டு
வாசித்துக் காட்ட வேண்டும், தனியாக.

ஏப்ரல் பாதியிலிருந்து தடைக்காலம்.
போட்டெல்லாம் ஜெட்டியோரம்
தோளோடு தோள் கட்டிக் கிடக்கின்றன.
ஃபேக்டரியில் ஒரு கம்ப்ரஸர்தான் ஓடுகிறது.
எனக்குப் பாதிச் சம்பளம்,
தவணைக்கு முழுத் தேதி.
எஞ்சின் இரைச்சல் இல்லாத விடியற்காலம்
காதுக்குப் பிடிக்கவில்லை;
சட்டையில்லாமல் தெருவில் நிற்பதுபோல் இருந்தது.

மூன்று மணிக்கு
ஆம்ப்ளிஃபையரைத் தணித்து வைத்து
ஐந்தாவதை மட்டும் விட்டேன்.
இடதுகை விரல் எதுவும் வைக்காமல்,
வெறுங்கம்பி.

முதலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.
அப்புறம் அலமாரியில் எவர்சில்வர் தட்டு.
அப்புறம் என் கடைவாய்ப் பல்.

சுவருக்கு அந்தப் பக்கம்
இருபத்தெட்டு வருஷமாக விசைப்படகு ஓட்டும் சந்தியாகு
எழுந்து உட்காரும் கட்டில் சத்தம்.
"மங்களம், டீசல் புடிச்சாச்சா?"
"எந்தப் போட்டுக்கு? படுங்க,
இன்னும் நாப்பது நாள் கெடக்கு."

உள்ளங்கையால் கம்பியை அமுக்கினேன்.
கட்டில் மறுபடி முனகி அடங்கியது.

கொஞ்சநேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு, இன்னும் மெதுவாக,
மறுபடி விட்டேன்.